விண்டோஸ் ஒரு டிரைவில், நம் வேலை ஒரு டிரைவில்

(பள்ளிக் கணினிப் பராமரிப்பு குறித்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் ஆகிறது. ஐந்தாவது பாடவேளையில் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். இப்போது நாமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் பள்ளிகள் பலவற்றில் அலுவலக அறைக் கணினி என்றால், பட்டனை அழுத்திவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, காலை வழிபாட்டுக் கூட்டத்தையும் முடித்துவிட்டு வந்தால் திறந்திருக்கும். இப்போது அந்தப் பழைய கணினிகளில் எஸ்.எஸ்.டி. போட்டுக்கொடுக்கிறார்கள். முன்னாள் மாணவர் யாராவது உதவியிருப்பார், அல்லது பள்ளி மானியத்தில் வாங்கியிருப்போம். பழைய ஹார்டு டிஸ்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கணினி அரை நிமிடத்தில் திறக்கிறது, நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் உள்ளே இரண்டு டிரைவ் இருக்கிறதே, எதற்கு எது, எதை எங்கே வைப்பது என்று மாட்டிக்கொடுத்தவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைடெக் லேப் கணினிகளைப் பற்றி நான் பேசவில்லை. அவற்றைப் பராமரிக்கத் தனி ஏற்பாடு உண்டு, அவற்றில் கை வைக்க வேண்டாம். தலைமையாசிரியர் அறைக் கணினி, பள்ளிக்கு நன்கொடையாக வந்தவை, உங்கள் வீட்டுக் கணினி, இவற்றுக்குத்தான் இந்தப் பேச்சு. பள்ளிக் கணினியாக இருந்தால் பெட்டியைத் திறக்கும் முன் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி. உள்ளே போனாலும், ஹார்டு டிஸ்க் வெளியே வந்தாலும் இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி ஏற வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் கேட்கும்போது விளக்கம் சொல்வதைவிட இது எளிது.

சரி, உங்கள் கணினியில் இருப்பது உண்மையில் இரண்டு டிரைவ்தானா? ‘சி இருக்கிறது, டி இருக்கிறது, அப்படியானால் இரண்டுதானே’ என்பீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரே ஹார்டு டிஸ்கை இரண்டு பகுதியாகப் பிரித்து ஒன்றுக்கு சி, மற்றொன்றுக்கு டி என்று பெயர் வைத்திருக்கலாம். ஒரு பெரிய அறைக்கு நடுவில் தட்டி வைத்து ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்று நடத்துகிறோமே, அதைப் போல. கூரை ஒழுகினால் இரண்டு வகுப்பும் நனையும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டு வரி இருந்தால் உங்களிடம் இரண்டு டிரைவ் இருக்கிறது. டிஸ்க் 0 என்ற ஒரே வரியில் சி-யும் டி-யும் சேர்ந்து இருந்தால், இருப்பது ஒன்றுதான். எது எஸ்.எஸ்.டி., எது ஹார்டு டிஸ்க் என்பதையும் அங்கேயே எழுதியிருப்பார்கள். பென் டிரைவ் செருகியிருந்தால் அதுவும் வரிசையில் வந்து குழப்பும், எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இந்த எழுத்துகளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஏன் சி-யில் தொடங்குகிறது, ஏ, பி எங்கே போயின? 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி.யை வெளியிட்டபோது அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஃபிளாப்பி போடும் இடங்கள்தான், அதிகம் போனால் இரண்டு: ஏ, பி. 1983-இல் வந்த எக்ஸ்.டி. என்ற மாதிரியில் 10 எம்.பி. ஹார்டு டிஸ்க் வைத்தார்கள். அதற்கு மூன்றாவது எழுத்து கிடைத்தது. ஃபிளாப்பி ஒழிந்துவிட்டது, எழுத்து மாறவில்லை. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. அந்த இரண்டு ஃபிளாப்பிக் காலத்தில் ஏ-யில் டாஸும் புரோகிராமும் இருக்கும் ஃபிளாப்பியைப் போடுவார்கள். பி-யில் தாங்கள் எழுதிய கடிதங்கள், கணக்குகள் இருக்கும் ஃபிளாப்பியைப் போடுவார்கள். இயந்திரத்துக்குத் தேவையானது ஒரு பக்கம், மனிதருடைய வேலை மறுபக்கம். அன்று இடம் போதாததால் செய்தார்கள். இன்று நான் உங்களைச் செய்யச் சொல்லப்போவதும் அதைத்தான், காரணம் மட்டும் வேறு.

எஸ்.எஸ்.டி. ஏன் வேகம் என்பதைக் கணக்கு ஆசிரியராக ஒரு கணக்குப் போட்டே சொல்கிறேன். ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு. மேலே ஒரு முள், பழைய இசைத்தட்டு மாதிரி. மேசைக் கணினிகளில் பொதுவாக நிமிடத்துக்கு 7200 சுற்று. வினாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி வினாடி. வேண்டிய தகவல் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லி வினாடி. ஆக ஒரு முறை தேடி எடுக்க 12 மில்லி வினாடி என்று வையுங்கள். வினாடிக்கு எண்பது முறைதான் எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற சில்லுகள். சுழலக் காத்திருக்க வேண்டாம். வினாடிக்குப் பல ஆயிரம் முறை எடுக்கும்.

விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. எண்பது என்ற வேகம் அங்கேதான் நம்மைக் கொல்லும். ஆண்டு விழா வீடியோ ஒன்றைத் திறந்தால் அது ஒரே ஃபைல், தொடர்ந்து படித்துக்கொண்டே போனால் போதும். பழைய ஹார்டு டிஸ்கே அதைத் தாராளமாக ஓட்டும். இதிலிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. நம் பாடநூல் இயக்க அமைப்பு என்று சொல்லும் விண்டோஸ், வேர்டு, எக்செல், குரோம், ஜியோஜீப்ரா போன்றவை எஸ்.எஸ்.டி.யில். வீடியோ, ஒளிப்படம், பி.டி.எஃப்., மதிப்பெண் பட்டியல், வினாத்தாள் எல்லாம் ஹார்டு டிஸ்கில்.

வேகத்துக்காக மட்டும் இதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு விதமாகவும் பிரித்துப் பார்க்கலாம். தொலைந்தால் திரும்பக் கிடைப்பது எது, கிடைக்காதது எது? விண்டோஸ் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். வேர்டும் குரோமும் அப்படித்தான். அரை நாள் வேலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் மூன்று ஆண்டாகத் திருத்தித் திருத்தி எழுதிய பயிற்சித்தாள் போனால்? திரும்பக் கிடைப்பது சி-யில் இருக்கட்டும், கிடைக்காதது சி-யில் இருக்கவே கூடாது. ஏனென்றால் கணினிக்கு எந்தக் கோளாறு வந்தாலும் சரிசெய்ய வருகிறவர் முதலில் அழிப்பது சி-யைத்தான்.

பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இரண்டாம் திருப்புதல் தேர்வு நேரம். கணினி திறக்கவில்லை, நீலத் திரை வந்து நின்றுவிட்டது. கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், வேலை தெரிந்தவன். சி-யை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பத் தயாரானான். அறிவியல் ஆசிரியை வந்து பார்த்தார். திரையில் ரீசைக்கிள் பின் மட்டும் இருந்தது.

“என் ஃபோல்டர் எல்லாம் எங்கப்பா?”

“டி-யில இருக்கும் டீச்சர். நான் டி-யைத் தொடவே இல்ல.”

“நான் டெஸ்க்டாப்புலதான் தம்பி வெச்சிருந்தேன்.”

அவன் முகம் மாறியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒன்பது ஆண்டு வினாத்தாள்கள், செய்முறைத் தேர்வுக்கான குறிப்புகள், அந்த ஆண்டு அகமதிப்பீட்டு மதிப்பெண்கள். டி டிரைவில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றும் இல்லை. 465 ஜி.பி. காலி இடம். அந்த ஆசிரியை யாருக்கும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாளிலிருந்து தாள்களை எடுத்துவைத்து மதிப்பெண்களை மறுபடி உள்ளிட்டார். வினாத்தாள்கள் வரவே இல்லை.

டெஸ்க்டாப் என்பது சி டிரைவ். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் இந்தப் பயிற்சிக்கு வந்த பேருந்துக் கட்டணம் வீண் இல்லை. திரையில் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் அது தனி இடம் என்று தோன்றுகிறது. உண்மையில் அது சி-க்குள் யூசர்ஸ் என்ற ஃபோல்டரில், உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கிறது. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே அங்கேதான். நாம் எதையும் மாற்றாவிட்டால் விண்டோஸ் நம் வேலை முழுவதையும் சி-யில்தான் கொண்டுபோய் வைக்கும்.

ஆனால் டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள் என்று சொன்னால் நடக்காது. பிள்ளைகளிடம் ஓடாதே என்று சொல்வதைப் போலத்தான் அது. பதினைந்து ஆண்டுப் பழக்கம். எனவே நாம் மாற வேண்டாம், டெஸ்க்டாப்பை இடம் மாற்றிவிடுவோம். விண்டோஸே அதற்கு வழி வைத்திருக்கிறது. முதலில் டி-யில் மூன்று புதிய ஃபோல்டர்கள் உருவாக்குங்கள்: டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று அதே பெயரில். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து இடது பக்கம் இருக்கும் டெஸ்க்டாப் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், அதில் லொக்கேஷன், அதில் மூவ். டி-யில் உருவாக்கிய டெஸ்க்டாப் ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய ஃபைல்களையும் கொண்டுபோகவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். மற்ற இரண்டுக்கும் இதே முறை. அதன் பிறகு திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. நீங்கள் எப்போதும் போல டெஸ்க்டாப்பில் சேமிப்பீர்கள். அது டி-யில் போய் உட்காரும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மூவ் கொடுக்கும்போது வெறும் டி டிரைவையே காட்டிவிடாதீர்கள், அதற்குள் இருக்கும் ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும். முழு டி டிரைவையும் டாக்குமெண்ட்ஸ் என்று ஆக்கிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதுபோல டெஸ்க்டாப்புக்கும் டாக்குமெண்ட்ஸுக்கும் ஒரே ஃபோல்டரைக் காட்டாதீர்கள், இரண்டும் கலந்துவிடும். லொக்கேஷன் பக்கத்தில் ஒன்டிரைவ் என்று எழுதியிருந்தால் உங்கள் ஃபைல்கள் ஏற்கெனவே இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று பொருள். இலவசமாகத் தருவது 5 ஜி.பி.தான். அந்த இணைப்பை அதன் செட்டிங்ஸில் நிறுத்திவிட்டு, ஃபைல்கள் கணினிக்குத் திரும்பி வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு இடம் மாற்றுங்கள்.

இனி புரோகிராம்கள். ‘சி நிரம்புகிறது, வேர்டு இருக்கும் ஃபோல்டரை அப்படியே இழுத்து டி-யில் போட்டால் என்ன?’ என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபைலை அப்படி மாற்றலாம், புரோகிராமை மாற்ற முடியாது. ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வேறு பள்ளியில் உட்காரவைத்தால் அவன் அந்தப் பள்ளி மாணவன் ஆகிவிடுவானா? மாற்றுச் சான்றிதழ் வேண்டும். எமிஸில் இந்தப் பள்ளி காமன் பூலுக்கு அனுப்ப வேண்டும், அந்தப் பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். அதுவரை பெயர் இங்கேயும் பிள்ளை அங்கேயும் இருக்கும். (சிரிப்பு.) விண்டோஸுக்கும் ஓர் எமிஸ் உண்டு, ரெஜிஸ்ட்ரி என்று பெயர். எந்தப் புரோகிராம் எந்த இடத்தில் இருக்கிறது, அதற்குத் துணையான ஃபைல்கள் எங்கே என்று அதில் பதிவாகியிருக்கும். நீங்கள் ஃபோல்டரை மட்டும் இழுத்துவிட்டால் பதிவு பழைய இடத்தைத்தான் காட்டும். திறக்காது. முறைப்படி அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது டி-யைக் காட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வந்த சில ஆப்களுக்கு மட்டும் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியில் மூவ் என்ற பொத்தான் இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் புரோகிராம்களை டி-க்கு மாற்றவே வேண்டாம். டி-யில் இன்ஸ்டால் செய்தாலும் அதன் ஒரு பகுதி சி-யில்தான் போய் உட்காரும். நாளைக்கு விண்டோஸை மறுபடி போட்டால் ரெஜிஸ்ட்ரியும் புதிதாகிவிடும், டி-யில் இருக்கும் பெரும்பாலான புரோகிராம்கள் ஃபோல்டராகக் கிடக்குமே தவிர வேலை செய்யாது. எப்படியும் மறுபடி இன்ஸ்டால் செய்யத்தான் வேண்டும். எஸ்.எஸ்.டி.யின் வேகத்தையும் இழந்துவிடுகிறோம். நாம் பள்ளியில் பயன்படுத்தும் புரோகிராம்கள் அப்படி ஒன்றும் பெரியவை அல்ல. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸும் அவையும் சேர்ந்து பாதியைத் தொடுவதே அரிது. அப்படியும் சி நிரம்புகிறது என்றால் அதற்குக் காரணம் நம் ஃபைல்கள்தான்.

டி-யில் வைக்க வேண்டியது புரோகிராமை அல்ல, அதன் இன்ஸ்டாலரை. ‘சாஃப்ட்வேர்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பிரின்டர் டிரைவர், ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபிஸ், தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எல்லாவற்றின் இன்ஸ்டாலர்களையும் அதில் வையுங்கள். பிரின்டர் டிரைவர் சி.டி. எங்கே என்று மூன்று பீரோவைத் திறந்து தேடிய அனுபவம் இங்கே எல்லாருக்கும் இருக்கும்.

எழுத்துருக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கே உரிய தொல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பிறகும், நம்மில் பலருடைய பழைய வினாத்தாள்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில், சி-யில் இருக்கின்றன. சி-யை ஃபார்மட் செய்தால் அவையும் போகும். பிறகு டி-யில் பத்திரமாக இருக்கும் வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ மந்திரம் எழுதியது போல நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்களும் உண்டு. ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நீங்கள் பயன்படுத்தும் எழுத்துரு ஃபைல்களை இன்றைக்கே நகலெடுத்து டி-யில் அந்த சாஃப்ட்வேர் ஃபோல்டருக்குள் போட்டுவிடுங்கள்.

இடத்தைப் பற்றி. 240 ஜி.பி. என்று வாங்கினோம், கணினியில் 223 ஜி.பி.தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி. என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அதே கணக்கில் 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் 465 ஆகத் தெரியும். வகுப்பில் அடுக்குக்குறி நடத்தும்போது இதையே எடுத்துக்காட்டாகத் தரலாம்.

எஸ்.எஸ்.டி.யை விளிம்புவரை நிரப்பக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், விண்டோஸ் அப்டேட்டுக்கும் இடம் இருக்காது. காலி இடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் விண்டோஸே பட்டையைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பைக் கண்டால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய்ச் சுத்தம் செய்யலாம். அங்கே வரும் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். பட்டியலில் இருப்பதால் அதுவும் குப்பை என்று நினைத்து டிக் போட்டுவிடாதீர்கள். நீங்கள் இறக்கிவைத்த அத்தனையும் அழியும். முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகளை நாம் ஒவ்வொன்றையும் மூன்று முறை இறக்கி, பெயரின் பின்னால் 1, 2 என்று எண் போட்டு வைத்திருப்போம் என்பது உண்மைதான். ஆனால் அவற்றோடு சேர்ந்து உதவித்தொகைப் பட்டியலும் அதே ஃபோல்டரில்தான் இருக்கும். பார்த்துப் பார்த்து அழியுங்கள்.

டி-யைத் திறந்தால் சில நேரம் இரண்டு மூன்று வினாடி உறைந்து நின்றுவிட்டுப் பிறகு திறக்கும். பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் விண்டோஸ் ஹார்டு டிஸ்கை நிறுத்திவைக்கும், அது மறுபடி சுழலத் தொடங்க நேரம் எடுக்கிறது. ஆனால் ‘டக், டக்’ என்று தட்டுகிற சத்தம் வந்தால் அது வேறு. அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பல பள்ளிகளில் இப்போது மறுபடி இன்ஸ்டால் செய்யும் வேலை நடக்கிறது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பது வேறு பேச்சு. அதற்கு 64 ஜி.பி. இடமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், பழைய கணினிகள் பல தேறாது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் போடுவதாக இருந்தாலும், விண்டோஸையே போடுவதாக இருந்தாலும், அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வகுப்பு இருக்கிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

இன்ஸ்டால் செய்யும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் பெரும்பாலும் இருக்காது. டிரைவ் 0, டிரைவ் 1, பார்ட்டிஷன் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும், பக்கத்தில் அளவு இருக்கும். எதில் உங்கள் ஒன்பது ஆண்டு வேலை இருக்கிறது என்று அந்தத் திரை சொல்லாது. அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: 223 என்றால் எஸ்.எஸ்.டி., 465 என்றால் ஹார்டு டிஸ்க். இதைவிட நல்ல வழி, இன்ஸ்டால் முடியும்வரை கணினியின் மின்சாரத்தைத் துண்டித்து ஹார்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றிவைக்கச் சொல்வது. இல்லாத டிரைவை யாராலும் ஃபார்மட் செய்ய முடியாது. இதில் இன்னொரு பயனும் உண்டு. இரண்டும் மாட்டியிருக்கும்போது இன்ஸ்டால் செய்தால், விண்டோஸ் தன்னைத் தொடங்கிவைக்கும் ஃபைல்களைச் சில நேரம் பழைய ஹார்டு டிஸ்கிலேயே வைத்துவிடும். ஓராண்டு கழித்து ஹார்டு டிஸ்க் பழுதாகி அதைக் கழற்றினால், எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தும் கணினி திறக்காது. கேபிளைக் கழற்றிவிட்டால் எல்லாம் எஸ்.எஸ்.டி.க்குள்ளேயே அடங்கும்.

விண்டோஸின் செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்கிறவர்களும் கவனியுங்கள். கீப் மை ஃபைல்ஸ், ரிமூவ் எவரிதிங் என்று இரண்டு கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால், விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டும் அழிக்கவா, எல்லா டிரைவையும் அழிக்கவா என்று முடிவு செய்யும் இடம் ஒன்று வரும். அங்கே விரல் தடுமாறக் கூடாது.

இப்போது சொல்லப்போவதுதான் நான் மிகவும் கவலைப்படும் விஷயம். எல்லாவற்றையும் டி-க்கு மாற்றிய பிறகு ‘அப்பாடா, பத்திரம்’ என்று ஒரு நிம்மதி வரும். டி-யில் இருப்பது பத்திரமான நகல் அல்ல, அது ஒரே பிரதிதான். முன்பு சி-யில் இருந்த ஒன்று இப்போது டி-யில் இருக்கிறது, அவ்வளவே. விண்டோஸ் கெட்டால் தப்பிக்கும். ஹார்டு டிஸ்க் கெட்டால் தப்பிக்காது. நம்மிடம் இருக்கும் ஹார்டு டிஸ்க் எட்டு, பத்து வயதானது என்பதை மறந்துவிடாதீர்கள். இடி மின்னலில் எஸ்.எம்.பி.எஸ். எரிந்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை. வினாத்தாள் அச்சடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்தால், அது சி, டி என்று பார்க்காது. திருடன் பெட்டியைத்தான் தூக்கிப்போவான், டிரைவ் பார்த்து எடுக்கமாட்டான்.

அதனால் டி-யில் இருப்பதற்கு இன்னொரு நகல் பெட்டிக்கு வெளியே வேண்டும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், மாதம் ஒருமுறை, சம்பளப் பட்டியல் அனுப்பும் நாளோடு சேர்த்து நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது. நகலெடுத்ததும் கழற்றி பீரோவில் பூட்டுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் மூன்றாவது டிரைவ் ஆகிவிடும், பயன் இல்லை. உங்கள் சொந்தப் பயிற்சித்தாள்களுக்கு கூகுள் டிரைவின் 15 ஜி.பி. தாராளம். ஆனால் பிள்ளைகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் இருக்கும் ஃபைல்களை உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில் ஏற்றிவைக்காதீர்கள். அவை நம்முடையவை அல்ல, பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்தவை.

அதே காரணத்துக்காக இன்னொன்று. பழுதான ஹார்டு டிஸ்கைக் கழற்றியதும் அது மேசை இழுப்பறையில் கிடக்கும், பிறகு பழைய சாமானோடு போகும். பழுது என்றால் நமக்குத்தான் பழுது. தெரிந்தவர் கையில் கிடைத்தால் உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஃபைலை டெலிட் செய்திருந்தாலும் ஹார்டு டிஸ்கில் மீட்க வழி உண்டு. எனவே அப்புறப்படுத்தும் ஒப்புதல் வரும்வரை பூட்டிவையுங்கள். அனுப்பும் முன் முழுமையாக ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். குயிக் ஃபார்மட் போதாது. திறக்கவே திறக்காத டிஸ்காக இருந்தால் அதன் தட்டுகளை உடைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அதையும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு. எஸ்.எஸ்.டி. நேர்மாறு: அதில் அழிந்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது, அது சாகும்போது சத்தம் போட்டுச் சொல்லவும் செய்யாது. காலையில் திறக்காது, அவ்வளவுதான். அதனால்தான் அதில் விண்டோஸ் மட்டும் இருக்கட்டும் என்கிறேன்.

பக்கத்து அறையில் இரண்டு டிரைவ் உள்ள கணினிகள் மூன்று வைத்திருக்கிறோம். ஒன்றில் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறது, எஸ்.எஸ்.டி. எது, ஹார்டு டிஸ்க் எது என்று கையால் தொட்டுப் பார்க்கலாம். குழுவுக்கு ஐந்து பேராகப் போவோம். முதலில் டாஸ்க் மேனேஜர், பிறகு டெஸ்க்டாப்பை இடம் மாற்றுவது. மேசையில் வெள்ளை ஸ்டிக்கர் தாள்களும் மார்க்கரும் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் பள்ளிக் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, எந்த அளவுள்ள டிரைவில் விண்டோஸ், எந்த அளவுள்ள டிரைவில் பள்ளி ஆவணங்கள் என்று எழுதி, ‘இதை ஃபார்மட் செய்யக் கூடாது’ என்ற வரியோடு பெட்டியின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கடையிலிருந்து பையன் வரும்போது நீங்கள் வகுப்பில் இருந்தாலும் அவன் அதைப் படிப்பான்.